‘பிறவியிலேயே இருந்தது’ என்று எழுதிவிட்டார்கள்

ஜவ்வாது மலையில் நாங்கள் வேலை செய்யும் ஊர்களில் பட்டாளத்துக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மலைக்குக் கீழே வேலூர்ப் பக்கம் கதை வேறு. அங்கே கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். தாத்தா, அப்பா, பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகப் போகிற வீடுகள் அங்கே உண்டு. மலையில் ஓர் இளைஞனுக்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். சாமை விதைக்கலாம், புளி உலுக்கலாம், கேரளாவுக்கோ திருப்பூருக்கோ கூலிக்குப் போகலாம். புரோக்கர் தரும் முன்பணத்தை வாங்கிக்கொண்டு ஆந்திரக் காட்டுக்கு மரம் வெட்டப் போகலாம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழர்களில் இந்த மலையின் பிள்ளைகளும் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட மலையிலிருந்து 2004இல் ஒருவர் ராணுவத்துக்குத் தேர்வானார். மலையாளிப் பழங்குடி. பத்தாம் வகுப்புவரை படித்தவர். ஓட்டம், உயரம், மார்பளவு, கண், காது, பல் என்று எல்லாவற்றையும் சோதித்து, உடலிலும் மனதிலும் குறையில்லை என்று எழுதித்தான் எடுத்தார்கள். எட்டு ஆண்டுகள் பணி செய்தார். 2012இல் ‘மனச்சிதைவு நோய்’ என்று சொல்லி மெடிக்கல் போர்டு அவரை வெளியேற்றியது. பென்ஷன் இல்லை. முன்னாள் படைவீரர் அட்டை இல்லை. கையில் ஒரு சிறு தொகையும் ஒரு டிஸ்சார்ஜ் புத்தகமும் மட்டும்.

அவரை நாங்கள் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறோம். அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறோம். பெயர், ஊர், படைப்பிரிவு எதையும் சொல்லப் போவதில்லை. சொல்ல வேண்டியது ஒரு சொல்லைப் பற்றி.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பித்து அவருடைய மருத்துவக் கோப்பின் நகலை வாங்கினோம். முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கங்களில் ஒரு கட்டம். இந்த நோய் ராணுவப் பணியால் வந்ததா? ‘இல்லை.’ ராணுவப் பணியால் கூடியதா? ‘இல்லை.’ காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஒரே ஒரு சொல்: ‘கான்ஸ்டிட்யூஷனல்’. எங்களோடு உட்கார்ந்து படித்த மலைப் பெண் ஒருத்தி, கல்லூரியில் முதலாம் ஆண்டு, “அரசியல் சட்டத்துல கோளாறுன்னு எழுதியிருக்காங்களா அக்கா?” என்று கேட்டாள். சிரித்துவிட்டு விளக்கினோம். இங்கே அந்தச் சொல்லுக்கு ‘உடல்வாகிலேயே அமைந்தது’ என்று பொருள். பிறவியிலேயே இருந்தது, நாங்கள் கொடுத்ததில்லை என்கிறார்கள்.

இந்த ஒரு சொல்தான் பென்ஷனை நிறுத்தியது. ராணுவ ஓய்வூதிய விதிகளின்படி ஒருவர் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால், அந்த இயலாமை பணியால் வந்ததாகவோ பணியால் கூடியதாகவோ இருக்க வேண்டும். அளவு 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்போதுதான் டிசபிலிட்டி பென்ஷன். எட்டு ஆண்டுப் பணிக்குச் சாதாரண பென்ஷன் கிடையாது, அதற்குப் பதினைந்து ஆண்டு வேண்டும். பணியால் வந்த நோய் என்று ஒப்புக்கொண்டு பென்ஷன் தந்தால்தான் அவர் சட்டப்படி ‘முன்னாள் படைவீரர்’. இல்லாவிட்டால் ராணுவ மருத்துவத் திட்டமும் கிடையாது, வேலையில் ஒதுக்கீடும் கிடையாது. எட்டு ஆண்டு துப்பாக்கி தூக்கியவர் படைவீரரே அல்ல என்று ஆகிவிடுகிறது.

அவருடைய அம்மாவிடம் இதைத் தமிழில் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான். “போவும்போது நல்லாத்தான கண்ணு போனான்? அவுங்கதான பாத்து எடுத்தாங்கோ? அங்க என்னா ஆச்சின்னு அவுங்கதான சொல்லணும்? என்னக் கேட்டா?”

சட்டமும் பல ஆண்டுகள் இதைத்தான் சொல்லிவந்தது. 1982ஆம் ஆண்டு தகுதி விதிகளில் மூன்று செய்திகள் இருந்தன. பணியில் சேரும்போது நோய் என்று குறிப்பு எழுதப்படாவிட்டால் அவர் நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த நோய் பணிக்காலத்தில் வந்ததாகவே பொதுவாகக் கருத வேண்டும். நிரூபிக்கும் சுமை வீரர் மேல் கிடையாது, சந்தேகம் வந்தால் அதன் பலன் அவருக்கே.

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் இதை அழுத்தமாகச் சொன்னது. அவர் சிக்னல் பிரிவில் ஒன்பது ஆண்டுக்கு நெருக்கமாகப் பணி செய்தவர். வலிப்பு நோய் என்று 1994இல் வெளியேற்றப்பட்டார். அவர் கோப்பிலும் இதே ‘கான்ஸ்டிட்யூஷனல்’ என்ற சொல்தான். சேரும்போது எந்தக் குறிப்பும் இல்லை, பிறவி நோய் என்பதற்கு மெடிக்கல் போர்டு காரணமும் எழுதவில்லை, எனவே பென்ஷன் தர வேண்டும் என்றது நீதிமன்றம். அதே மாதம் வீர்பால் சிங் வழக்கு. 1970களில் மனச்சிதைவு என்று முத்திரை குத்தி வெளியேற்றப்பட்டவர் அவர். எளிதில் கோபப்படுகிறார், சண்டை போடுகிறார் என்று ஒரு மனநல மருத்துவர் எழுதியதை, சிகிச்சையில் தேறியிருக்கிறார் என்ற அதே மருத்துவரின் குறிப்பைப் பொருட்படுத்தாமல், போர்டு அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது. நீதிபதிகள் மருத்துவ நூல்களையே எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, மறு மெடிக்கல் போர்டு அமைக்கச் சொன்னார்கள்.

2025 மே மாதம் ராஜுமோன் வழக்கு. அதுவும் மனச்சிதைவு என்று வெளியேற்றப்பட்டவருடையதுதான். மெடிக்கல் போர்டு தன் முடிவுக்குக் காரணம் எழுதியே ஆக வேண்டும், காரணமில்லாத கருத்தை வைத்து ஒருவரை வெளியேற்றிப் பென்ஷனையும் மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது.

எல்லாத் தீர்ப்பும் நம் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம் தோழர்களே. 2019இல் நர்சிங் யாதவ் வழக்கில் இதே நீதிமன்றம் எதிராகத் தீர்ப்பளித்தது. மனச்சிதைவு போன்ற நோயைச் சேர்க்கும்போது நடக்கும் சோதனையில் கண்டுபிடிக்க முடியாது, குறிப்பு இல்லை என்பதாலேயே பணியால் வந்தது என்று ஆகிவிடாது என்றது. அரசு வழக்கறிஞர் முதலில் நீட்டப்போவது இந்தத் தீர்ப்பைத்தான். அதைப் படிக்காமல் தரம்வீர் சிங் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் திரும்பி வர வேண்டியதுதான்.

விதிகளும் மாறிவிட்டன. 2008இல் வந்த புதிய தகுதி விதிகள், சேரும்போது நடக்கும் சோதனை முழுமையானதல்ல, பிறவி நோய்கள் பின்னாலும் தலைகாட்டலாம் என்று சேர்த்துக்கொண்டன. வெளியேறிப் பதினைந்து ஆண்டு கடந்தபின் கோரினால் நிரூபிக்கும் சுமை கோருபவர் தலையில் விழும் என்றும் எழுதின. 2023இல் இன்னொரு தொகுப்பு வந்தது. அண்ணன் வெளியேறியது 2012இல். அவருக்கு 2008 விதி. பதினைந்து ஆண்டு என்றால் 2027. நாங்கள் அவசரப்படுவதற்கு இதுதான் காரணம்.

சரி, கோப்பில் வேறு என்ன இருந்தது? சமூகவியல் படித்தவர்கள் என்ற முறையில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டது படைப்பிரிவு அதிகாரியின் அறிக்கையிலும் மருத்துவமனைக் குறிப்புகளிலும்தான். ‘யாரோடும் பழகுவதில்லை.’ ‘கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை.’ ‘கட்டளைகளைப் புரிந்துகொள்வதில் தாமதம்.’ அண்ணனுக்கு அன்றும் இந்தி தட்டுத் தடுமாறித்தான் வரும். அவருடைய பிரிவில் அந்தச் சமயத்தில் தமிழ் பேசுகிறவர் வேறு யாரும் இல்லை. மருத்துவர் எந்த மொழியில் கேட்டார் என்று அவரிடம் கேட்டோம். “இந்திதான். கொஞ்சம் இங்கிலீஷு.” மொழிபெயர்க்க யாராவது இருந்தார்களா? “யாரு இருப்பா அங்க?” கோப்பில் பல பக்கங்கள் இருக்கின்றன. எந்த மொழியில் பேசினார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

அந்தக் கடைசி இரண்டு ஆண்டுகள் எப்படிப் போயின என்றும் கேட்டோம். எல்லைப் பகுதியில் பணி. இரவுக் காவல், தூக்கம் இல்லை. அப்பா இறந்தபோது செய்தி தாமதமாக வந்தது, லீவும் தாமதமாகக் கிடைத்தது, வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்திருந்தது. திரும்பிப் போனதிலிருந்து ராத்திரியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. ‘ஜங்லி’ என்று கூப்பிடுவார்களாம். அதைப் பெரிய குறையாகக்கூட அவர் சொல்லவில்லை, தன் பட்டப்பெயர் என்றுதான் சொன்னார். மெடிக்கல் போர்டு இதில் எதையும் கேட்கவில்லை. ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூலே, மனநோய் என்று வரும்போது களப்பகுதிப் பணி, உயர்ந்த மலைப்பகுதிப் பணி போன்ற அழுத்தங்களைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அவர் எங்கே, எத்தனை மாதம் பணியில் இருந்தார் என்ற பதிவு அதே கோப்பில் சில பக்கங்களுக்கு முன்னால்தான் இருக்கிறது.

‘பிறவியிலேயே அப்படி’ என்ற பேச்சு நமக்குப் புதிதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் ராணுவம் சில சாதிகளைப் ‘போர்க்குடிகள்’ என்றும் மற்றவர்களைப் பிறவியிலேயே சண்டைக்கு ஆகாதவர்கள் என்றும் பிரித்தது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் தென்னாட்டு வீரர்களைப் பற்றி அப்படித்தான் நினைத்தார். பின்பு இந்தியாவுக்கே தலைமைத் தளபதியாகி அதைக் கொள்கையாக்கினார். மகர்களைச் சேர்ப்பது 1890களில் நிறுத்தப்பட்டது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் அதே ராணுவத்தில் சுபேதார். அம்பேத்கர் பிறந்ததே மாவ் ராணுவக் குடியிருப்பில். முன்னாள் ராணுவ வீரரான கோபால் பாபா வலங்கர் இந்தத் தடையை எதிர்த்து மனு எழுதினார். மகர் ரெஜிமெண்ட் உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று வாசலிலேயே ‘பிறவி’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இன்று உள்ளே எடுத்து வேலை வாங்கிவிட்டு, வெளியே அனுப்பும்போது அதே சொல்லைச் சொல்கிறார்கள்.

மருத்துவத்துக்கும் இந்தப் பழக்கம் உண்டு. 1851இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பி ஓடுவதற்கு ஒரு நோயின் பெயரையே கண்டுபிடித்தார். நம் காலத்திலேயே, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின்போது, அமெரிக்க ராணுவம் ஆயிரக்கணக்கானவர்களை ‘ஆளுமைக் கோளாறு’ என்று எழுதி அனுப்பியது. அது சேரும் முன்பே இருந்த கோளாறு என்ற கணக்கில் பலருக்குச் சலுகைகள் மறுக்கப்பட்டன. அங்கே ராணுவப் பதிவேடுகளைத் திருத்துவதற்கென்றே வாரியங்கள் இருப்பதால் சிலராவது போராடித் திருத்த முடிந்தது.

நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவை மாணவத் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் சார்ந்த பண்பாட்டு, இன, மதக் குழுவை வைத்தோ மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது என்கிறது அது. சுற்றியிருப்பவர்களின் ஒழுக்க, பண்பாட்டு, வேலை மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதும் காரணமாகக் கூடாது. 2012இல் இந்தச் சட்டம் இல்லை, எனவே அண்ணன் வழக்கில் இதை நேராக நீட்ட முடியாது. ஆனால் அந்தக் கோப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பிரிவுதான்.

எங்கள் குழுவுக்குள் இதில் ஒரு வாக்குவாதம் நடந்தது. “அவருக்கு நோயே இல்லை, பழங்குடி என்பதால் பைத்தியம் என்று எழுதிவிட்டார்கள் என்று வாதாடுவோம்” என்றார் ஒரு தோழர். கேட்க நன்றாக இருக்கிறது. மேடையில் கைத்தட்டல் வாங்கும். ஆனால் அண்ணன் இன்றும் மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை தீர்ந்து, பஸ் இல்லாமல், போளூருக்குப் போக முடியாத வாரங்களில் அந்தக் குரல்கள் திரும்பி வருகின்றன. அவருக்கு நோய் உண்டு. அதை மறைத்துத்தான் அவருக்கு மரியாதை வாங்கித் தர முடியும் என்றால், ‘கிறுக்கன்’ என்று கூப்பிடும் ஊரின் பக்கம் நாங்களும் போய்விட்டோம் என்று பொருள். அவரிடமே கேட்டோம். “நோவு இருக்குது. அத இல்லன்னு சொல்ல வேணாம். ஊட்லேர்ந்து கொண்டாந்தேன்னு எழுதியிருக்காங்க இல்ல, அத அழிச்சாப் போதும்” என்றார். அவர் சொன்னதையே வைத்து மனுவை எழுதினோம்.

இந்த வேறுபாடு சட்டத்திலும் முக்கியம். நோயே தவறாகக் கணிக்கப்பட்டது என்றால் கேட்க வேண்டியது மறு மெடிக்கல் போர்டு, அது வீர்பால் சிங் போன வழி. நோய் உண்டு, அதன் காரணம் தவறாக எழுதப்பட்டது என்றால் கேட்க வேண்டியது பென்ஷன், அது தரம்வீர் சிங்கும் ராஜுமோனும் போன வழி. இரண்டையும் குழப்பி ஒரே மனுவில் எழுதினால் ஒன்று மற்றொன்றை வெட்டிவிடும்.

இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறோம். உங்கள் பகுதியில் யாருக்காவது உதவும்.

முதலில் காகிதம். டிஸ்சார்ஜ் புத்தகம், சேரும்போது நடந்த மருத்துவச் சோதனைப் படிவம், வெளியேற்றிய மெடிக்கல் போர்டின் முழு நடவடிக்கை, பென்ஷன் மறுத்த கடிதம், பணியிடங்களின் பட்டியல். வீட்டில் இல்லாததை ரெக்கார்ட் ஆபீசிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தன்னுடைய மருத்துவப் பதிவைத் தானே கேட்பதற்கு யாரும் காரணம் கேட்க முடியாது.

அடுத்து மேல்முறையீடு. மறுப்பை எதிர்த்துத் துறைக்குள்ளேயே முதல் மேல்முறையீடும் இரண்டாம் மேல்முறையீடும் உண்டு. அதன்பின் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் உருவானது, சென்னையில் அதற்கு ஓர் அமர்வு இருக்கிறது. ஆறு மாதக் காலவரம்பு என்று பயமுறுத்துவார்கள். பென்ஷன் மாதாமாதம் மறுக்கப்படுவதால் அது தொடர்ந்து நடக்கும் தவறு, தாமதம் என்று சொல்லிக் கதவை மூடக் கூடாது என்று 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு, நிலுவைத் தொகையை வழக்குப் போட்டதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஆகவே தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பணம் போகிறது.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் மூவருக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை உண்டு. அண்ணனுக்கு இதில் இரண்டு தகுதி.

சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற துணைப்படைகளில் இருந்தவர்கள் இந்தத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது, உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அவர்கள் 2021 டிசம்பரில் வந்த ரவீந்தர் குமார் தாரிவால் தீர்ப்பைப் படிக்கலாம். மனநோய் உள்ள சி.ஆர்.பி.எஃப். அதிகாரி ஒருவர் மீது எடுத்த ஒழுங்கு நடவடிக்கையை, மாற்றுத்திறனாளிக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு அது.

கடைசியாக, இப்போது மலையில் ஓட்டப் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்காக ஒன்று. 2022க்குப் பின் படைவீரராகச் சேர்ப்பது அக்னிபத் திட்டத்தில். நான்கு ஆண்டு, பென்ஷன் இல்லை. இயலாமை வந்தால் 50, 75, 100 சதவீதம் என்ற அளவைப் பொறுத்து 15, 25, 44 லட்சம் கருணைத்தொகை என்று அறிவித்திருக்கிறார்கள். அதுவும் பணியால் வந்தது அல்லது கூடியது என்று மெடிக்கல் போர்டு எழுதினால்தான். அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது. போகாதே என்று யாரிடமும் நாங்கள் சொல்வதில்லை, சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. சேரும்போது தரும் ஒவ்வொரு மருத்துவக் காகிதத்தையும் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பு என்கிறோம். தூக்கம் கெட்டால், அடி பட்டால், அவமானப்பட்டால், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுது என்கிறோம். மருத்துவர் பேசுவது புரியவில்லை என்றால் ‘புரியவில்லை’ என்று எழுதச் சொல் என்கிறோம்.

அண்ணனின் இரண்டாம் மேல்முறையீடு அனுப்பியாகிவிட்டது. பதில் வராவிட்டாலும், மறுத்து வந்தாலும், சென்னைத் தீர்ப்பாயத்துக்கு மனு தயாராக இருக்கிறது. தீர்ப்பு எப்படி வரும் என்று தெரியாது என்பதை அவரிடமும் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறோம். மனுவின் முதல் பத்தியில் எந்தத் தீர்ப்பையும் மேற்கோள் காட்டவில்லை. 2004இல் அரசு மருத்துவர் அவரைச் சோதித்து, குறையில்லை என்று கையெழுத்துப் போட்ட தேதியைத்தான் எழுதியிருக்கிறோம்.

உங்கள் ஊரிலும் பட்டாளத்திலிருந்து பாதியில் வந்த ஒருவர் இருப்பார். என்ன ஆனது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விரும்பினால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் காகிதங்களை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டுங்கள்.